மறுகால் பாயும் மாதத்தில் கொடைக்கானல்

மே மாதத்தில் கொடைக்கானல் ஏரியைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று யாராவது சொன்னால் நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஏரிக்கரைச் சாலையில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருப்பார்கள். முன்னால் நிற்கும் வேனின் பின்கண்ணாடியில் எழுதியிருக்கும் சாமி பெயரைப் பத்து முறை படித்திருப்பார்கள். படகு இல்லத்து வரிசையில் நின்றிருப்பார்கள். ஆட்களுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் தண்ணீர் தெரிந்திருக்கும். ஏரியில் மிதி படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கும். இதெல்லாம் தப்பு என்று சொல்லவில்லை. அது ஒரு திருவிழா. திருவிழாவில் தேரைப் பார்க்கலாம், கோயிலைப் பார்க்க முடியாது.

நான் சொல்ல வந்தது கார்த்திகை மாதத்து ஏரியைப் பற்றி. ஏப்ரல், மே, ஜூன் பாதிவரை சீசன். அப்புறம் ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறைக்கு ஒரு கூட்டம் வந்து போகும். அது வடிந்ததும், கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கும்வரை ஊர் தன்பாட்டுக்கு இருக்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் பிடித்துக்கொண்டிருக்கும். கொடைக்கானலுக்கு இரண்டு பருவத்திலும் மழை உண்டு என்றாலும் கொட்டித் தீர்ப்பது ஐப்பசியும் கார்த்திகையும்தான். ஊர்க்காரர்கள் இதை ‘ஆஃப் சீசன்’ என்று கொஞ்சம் சலிப்போடு சொல்கிறார்கள்.

என்னுடன் வந்தது என் தாய்மாமா. மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாயில் பொதுப்பணித்துறை லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஷட்டர் திறப்பது, மூடுவது, கரையில் உடைப்பு இருக்கிறதா என்று நடந்து பார்ப்பது, எந்தக் கண்மாய்க்கு எத்தனை நாள் தண்ணீர் என்ற சண்டையில் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது. இதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. மதுரையிலிருந்து நான்கு மணி நேரத்தில் வந்துவிடுகிற கொடைக்கானலை அவர் பார்த்ததில்லை. “கூட்டம் இல்லாதப்ப கூட்டிட்டுப் போ மாப்ள” என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் இல்லாதபோது எனக்கு லீவு இல்லை. கடைசியில் ஒரு கார்த்திகையில் இரண்டும் ஒத்துவந்தது.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். இப்போது சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த ஏற்பாடு. 2025 கோடையில் ஒரு படி மேலே போய், கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் உச்சவரம்பே வைத்தது. வியாபாரிகள் தரப்பில் இதற்கு எதிர்ப்பு இருந்தது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஒரு மலையூருக்கு ஒரு நாளில் 4,000 வண்டி என்பதுதான் ‘கட்டுப்பாடு’ என்றால், கட்டுப்பாடு இல்லாத நாளில் அந்தச் சாலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கு இந்தப் பாஸ் வேண்டாம். மழைக்காலத்து வார நாளில் பஸ்ஸில் பாதி சீட் காலி வேறு. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஜன்னல் கண்ணாடியை மூடச் சொல்லி நடத்துனர் குரல் கொடுத்தார். பெருமாள்மலைக்கு மேலே எதிரே வந்த வண்டிகள் எல்லாம் பகலிலேயே விளக்கு போட்டிருந்தன.

பஸ் நிலையத்தில் ரூம் புரோக்கர்களிடமிருந்து தப்புவது சீசனில் சுலபம். அவர்களுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆஃப் சீசனில் இறங்குவதே ஏழெட்டுப் பேர் என்பதால் நம்மை விடமாட்டார்கள். சீசனில் ரூ.4,000 கேட்டிருக்கக்கூடிய, ஏரி தெரிகிற அறை ரூ.1,000க்குக் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் வெள்ளையாக ஒன்று நின்றது. அதற்குப் பின்னால் ஏரி இருக்கிறது என்று அறைக்காரர் உறுதி சொன்னார். போர்வைகள் ஈரமாக இருந்தன. காயப்போட்ட துணி நாங்கள் ஊர் திரும்பும்வரை காயவில்லை. மழைக்காலத்தில் மலைக்கு வா என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் சொல்வார்கள், ஆகையால் இங்கே எழுதி வைக்கிறேன்.

காலையில் மழை சற்று விட்டிருந்தது. ஏழு ரோடு சந்திப்பிலிருந்து இறங்கி ஏரிக்கரைக்கு வந்தோம். சுற்றி வந்தால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மாமா குடையைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு நடந்தார். எங்களைத் தவிர நடைப்பயிற்சிக்காரர்கள் சிலர், சீருடையில் வரிசையாகப் போகும் பள்ளிப் பிள்ளைகள், சுள்ளிக்கட்டு சுமந்த இரண்டு பெண்கள். மூடுபனி விலகும்போது எதிர்க்கரை மரங்கள் தெரியும், பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி காணாமல் போகும். கரையோரத்தில் முக்குளிப்பான் ஒன்று மூழ்கி, நாம் எதிர்பார்க்காத இடத்தில் எழுந்தது. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வரும் வாலாட்டிக் குருவிகள் ஈரமான நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தன. சீசனில் இவை எங்கே போகின்றன என்று கேட்கத் தேவையில்லை, அப்போது அவை இமயமலைக்கே போய்விடுகின்றன. கெட்டிக்காரப் பறவைகள்.

மாமாவுக்குக் குருவியில் அக்கறை இல்லை. அவர் கரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்று, “இது எத்தனை ஏக்கர்?” என்றார்.

“அறுபது.”

“அறுபதா?” அவருக்கு ஏமாற்றம். “நம்ம பக்கம் இதை ஊருணியை விடக் கொஞ்சம் பெருசும்பாங்க. சரி, மடை எத்தனை?”

பாசன மடை எதுவும் இல்லை, உபரித் தண்ணீர் வெளியேற மட்டும் வழி இருக்கிறது என்றேன்.

“அப்ப ஆயக்கட்டு?”

ஆயக்கட்டும் இல்லை. இந்தத் தண்ணீரை நம்பி இங்கே ஒரு குழி நிலம்கூடப் பாசனம் இல்லை. குடிநீரும் இதிலிருந்து இல்லை. ஊருக்குக் குடிநீர், மேலே வானாய்வகத்துப் பக்கம் இருக்கும் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. மாமா சற்று நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆயக்கட்டு இல்லாத ஏரியை எந்தக் கிறுக்கன் கட்டுனான்?” என்று கேட்டார்.

கட்டியவர் எங்கள் கலெக்டர்தான். அதாவது அன்றைய மதுரை மாவட்ட கலெக்டர், சர் வெர் ஹென்றி லெவிஞ்ச். 1863இல் இங்கே இருந்த சதுப்பான பள்ளத்தாக்கில் மூன்று ஓடைகளை மறித்து ஏரியாக்கினார். நட்சத்திரம் போல ஐந்து பக்கமும் விரல் விரிந்திருக்கிறதே, அது யாரும் வரைந்து வெட்டியது அல்ல. ஓடைகள் வந்த மடுவுகளுக்குள் தண்ணீர் ஏறி நின்றதால் வந்த வடிவம். எந்தக் கண்மாயும் அப்படித்தான், நிலத்தின் பள்ளம் எதுவோ அதுதான் அதன் உள்வாய். பிறகு லெவிஞ்ச் மீன் குஞ்சுகளை விட்டார். தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இங்கேயே வந்து குடியேறிவிட்டார். அவர் நினைவாக ஊரில் ஒரு கல் சிலுவை இருக்கிறது.

அந்தப் படகைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் யோசனை. 1860களில் இந்த மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. கொடை ரோடு ரயில் நிலையமே 1875இல்தான் வந்தது. துரைமார்களும் துரைசாணிகளும் பெரியகுளத்துப் பக்கமிருந்து செங்குத்தான காட்டுப்பாதையில் டோலியில் ஏறிய காலம். டோலியைத் தூக்கியவர்களின் தோளைத் தவிர அந்தப் படகுக்கும் வேறு வண்டி இருந்திருக்க முடியாது. கடலில் போக வேண்டிய படகு ஏழாயிரம் அடி மலையேறி வந்திருக்கிறது. தூக்கியவர்கள் யாருக்கும் ஊரில் சிலுவையோ கல்வெட்டோ நான் பார்த்ததில்லை.

மாமாவிடம் வருஷத்தைச் சொன்னதும் அவர் மனக்கணக்குப் போட ஆரம்பித்தார். 1863. பெரியாறு அணைக்கு வேலை தொடங்கியது 1887, தண்ணீர் மேலூர்ப் பக்கம் திரும்பியது 1895. இந்த மாதிரி வருஷங்களை அவர் பேரன் பிறந்தநாள் போல நினைவில் வைத்திருப்பவர். “முப்பத்திரண்டு வருஷம்” என்றார். “கலெக்டரு போட் விட முப்பத்திரண்டு வருஷம் முன்னாடியே இங்க ஏரி கட்டியாச்சு. எங்க பாட்டன் பூட்டன் குடிக்கத் தண்ணி வர்றதுக்கு அம்புட்டு நாளாச்சு.” இடையில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது, 1876 முதல் 1878வரை. மதுரைச் சீமையில் அந்தப் பஞ்சத்தை இன்னும் கதையாகச் சொல்கிற குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் குடும்பமும் ஒன்று.

பெரியாறு மாதிரி ஓர் அணையை இந்த ஏரியோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்று நான் சொன்னேன். மூன்று ஓடையை மறிப்பது ஒரு கலெக்டரின் ஆசைக்கே முடிகிற வேலை. மேற்கே ஓடுகிற ஆற்றை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்புவது அப்படியா? மாமா ஒத்துக்கொண்டார், அதாவது தலையை ஆட்டினார். ஆனால் ஏரியைச் சுற்றி முடிக்கும்வரை ‘முப்பத்திரண்டு’ என்று அவ்வப்போது முணுமுணுத்தார்.

கரையில் நின்றிருந்த குதிரைகளின் மேல் பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். ஒரு குதிரைக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க தம்பி, தலையில் மப்ளர், கையில் டீ. சவாரி வேண்டுமா என்று எங்களைக் கேட்கக்கூட இல்லை. மாமாவின் வயதைப் பார்த்தே முடிவு கட்டிவிட்டார் போலும். மாமாதான் பேச்சுக் கொடுத்தார்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு திங்கும்ப்பா?”

“கொள்ளு, தவிடு, புல்லு எல்லாம் சேர்த்தா நான் திங்கிறதை விட அதிகம்யா. சீசன்ல அது என்னைப் பார்த்துக்கும். இப்ப நான் அதைப் பார்த்துக்கணும்.”

மழை நாளில் ஒரு சவாரிகூட இல்லாமல் போவது சகஜம் என்றார். வண்டியாக இருந்தால் நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போகலாம், இது வாய் இருக்கிற ஜீவன். சீசன் முடிந்ததும் சிலர் குதிரையை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கீழே திண்டுக்கல், மதுரை என்று கூலி வேலைக்குப் போய்விடுகிறார்களாம். வாரக் கடைசியில் மட்டும் கொஞ்சம் ஐயப்ப பக்தர்கள். பழனிக்கும் வந்துவிட்டுப் போகிற மாலை போட்டவர்கள், கறுப்பு வேட்டியோடு வேனில் மேலே ஏறி வருகிறார்கள். “சாமிமாருங்க குதிரை ஏற மாட்டாங்க, போட்டோ மட்டும் எடுப்பாங்க” என்றார்.

சோளக்கதிர் சுடும் அக்கா ஒருவர்தான் அன்று அந்தப் பக்கம் கடை போட்டிருந்தார். வில்பட்டிக்காரர். வாரத்தில் பாதி நாள் பீன்ஸ், கேரட் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவதாகவும், மழை விடும்போல இருந்தால் மட்டும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வருவதாகவும் சொன்னார். கரி ஈரம். விசிறி விசிறிக் கை ஓய்ந்துபோய், கதிரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. “ஏரி ரொம்பினா எங்களுக்கு யாவாரம் இல்ல. ஏரி ரொம்பலேன்னா மே மாசம் லாட்ஜுக்குத் தண்ணி இல்லைம்பாங்க, அப்பயும் ஆள் வராது. மழையைத் திட்டவும் முடியல, கும்பிடவும் முடியல.”

மாமா கதிர் தின்பதை நிறுத்திவிட்டார். கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் எங்கள் ஊரில் கிடா வெட்டுவார்கள். நிறைந்த கண்மாய் என்றால் அந்த வருஷம் கல்யாணம், கடன் அடைப்பு, எல்லாம் நடக்கும். இங்கே ஏரி முழுசாக நிறைந்திருக்கிற மாதத்தில்தான் அதை நம்பியிருக்கிற ஊர் காய்ந்து கிடக்கிறது. மழை குறைந்து, வெயில் ஏறி, தண்ணீர் இறங்குகிற மாதத்தில் இவர்களுக்கு அறுவடை. தலைகீழ்க் கண்மாய். கூட்டமில்லாத ஏரியின் அமைதியை ரசிக்க ரூ.1,000 அறையில் தங்க வந்திருந்த நான், அந்த அமைதியின் விலையில் மீதி ரூ.3,000ஐ யார் கட்டுகிறார்கள் என்று அதுவரை யோசித்ததில்லை. கதிருக்கு மேல் ஒரு தட்டு கடலையும் வாங்கினோம். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லைதான்.

மழைக்காலத்தில் கொடைக்கானலுக்குப் போகலாமா வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் இப்போது போகச் சொல்கிறேன். ஒரு மாதத்துக் கூட்டத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பினால் சாலைக்கும் நல்லது, அந்தக் குதிரைக்கும் நல்லது. உச்சவரம்பு வைப்பது கோடைக் கூட்டத்தை வெட்டுகிறது. வெட்டியதைக் கார்த்திகைக்குக் கொண்டுவந்து சேர்க்க யாரும் முயல்வதாகத் தெரியவில்லை. பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான், அதை யாரும் மாற்றப்போவதில்லை. ஆனால் பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களும், மாமா மாதிரி ஓய்வு பெற்றவர்களும் ஏன் மே மாதத்திலேயே வந்து வரிசையில் நிற்க வேண்டும்?

மதியத்துக்கு மேல் காற்று நின்றது. காலையில் காற்றுக்காக நிறுத்தியிருந்த படகுகளை மறுபடி விட்டார்கள். வரிசையே இல்லை. மாமா மிதி படகு வேண்டாம் என்றுவிட்டார், “இந்த வயசுல சைக்கிள் ஓட்டவா இங்க வந்தேன்?” ஆகவே துடுப்புப் படகு. இங்கே படகுக் கழகம் 1890இல் தொடங்கியது. ஆனால் வெகுகாலம் அது வெள்ளைக்காரர்களும் அவர்கள் சேர்த்துக்கொண்டவர்களும் பொழுதுபோக்கிய இடம். சுற்றுலாப் பயணிகளும் பொதுமக்களும் ஏற முடிந்தது 1932இல். இப்போது சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் தனியாகப் படகு விடுகிறது.

படகோட்டி அண்ணன் நிதானமாகத் துடுப்புப் போட்டார். நடு ஏரியிலிருந்து பார்த்தால் ஏரி முழுவதும் எப்போதும் ஒரே சமயத்தில் தெரிவதில்லை. ஒரு விரல் திறந்தால் இன்னொரு விரல் மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. சீசனில் படகுக் கூச்சலில் இதைக் கவனிக்கவே முடியாது, எந்தப் படகு வந்து இடிக்கும் என்பதில்தான் கண் இருக்கும். மாமா ஆழம் கேட்டார். சராசரி 3 மீட்டர் என்று நான் படித்ததைச் சொன்னேன். “பத்தடி. கண்மாய்க்கு அது போதும்” என்று சான்றிதழ் கொடுத்தார். பிறகு படகோட்டியிடம், தூர் வாருகிறார்களா, வரத்து ஓடையில் சாக்கடை கலக்கிறதா என்று விசாரணை. கரையோரம் ஓரிடத்தில் வாரிப் போட்ட நீர்ச்செடிகள் குவியலாகக் கிடந்ததைக் காலையிலேயே பார்த்து வைத்திருந்தார். சுற்றிலும் விடுதிகளை வைத்துக்கொண்டு தண்ணீர் கெடாமல் இருக்குமா, கழிவு வரத்தான் செய்கிறது, வாரத்தான் வாருகிறார்கள், மறுபடி முளைக்கிறது என்றார் அண்ணன். செடி அந்த மாதிரி கிடுகிடுவென்று வளர்கிறது என்றால் தண்ணீரில் உரம் இருக்கிறது என்று அர்த்தம், உரம் எங்கிருந்து வரும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

“மீன் நல்லா இருக்குமா?” என்று மாமா கேட்டபோது நான் தயங்கினேன். மேலே இருந்த ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001இல் மூடப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்த ஏரியின் தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருந்ததைப் பதிவு செய்தது. ஆலையிலிருந்து காற்றில் கலந்தது இங்கே வந்து படிந்திருக்கிறது. சேற்றில் சேர்ந்த பாதரசம் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். நுண்ணுயிர்கள் அதை வேறு வடிவமாக மாற்ற, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறும். இதைச் சுருக்கமாகச் சொன்னேன். மாமா தண்ணீரில் விட்டிருந்த கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். கை நனைப்பதால் ஒன்றும் ஆகாது மாமா என்றதற்கு, “தெரியும், இருந்தாலும்” என்றார். அவ்வளவு அழகான தண்ணீர், மேகம் இறங்கி மேலே நடந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் ஏரிச் சாலையில் இன்னொரு தரப்பும் வெளியே வந்தது. காட்டுமாடு. கொடைக்கானலில் காட்டுமாடுகள் ஊருக்குள் வருவது புதிதல்ல, கோடையிலும் வரும். ஆனால் சாலை காலியாக இருந்தால் அவற்றின் நடையே வேறு. ஒரு கிடேரி, இரண்டு கன்று, பின்னால் கருங்கல் பாறையே எழுந்து நடந்தது போல ஒரு காளை. முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டது மாதிரி நிறம். சாலையோரப் புல்லை மேய்ந்துகொண்டே வந்து, பூட்டியிருந்த சாக்லேட் கடை வாசலில் நின்றன. கிராமத்தில் மாடு வளர்த்தவர் என்பதால் மாமா இரண்டடி முன்னால் போனார். பின்னாலிருந்து ஒரு கடைக்காரர் பதறிப்போய், “ஐயா, நில்லுங்க, அது வீட்டு மாடு இல்லை” என்று கத்தினார். காளை தலையை மட்டும் உயர்த்திப் பார்த்தது. மாமா இரண்டடி பின்னால் வந்தார், மரியாதையாக. அது கடந்து போகும்வரை நாங்கள் கடைக்குள் நின்று இஞ்சி டீ குடித்தோம். கடைக்காரருக்கு அன்றைக்கு நாங்கள்தான் வியாபாரம். கன்றோடு இருக்கும்போது கிட்டே போகவே கூடாது, சுற்றுலாக்காரர்கள் செல்போனை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போய் முட்டு வாங்கியது உண்டு என்று அவர் பாடம் நடத்தினார்.

அன்று ராத்திரி எங்கோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. மறுநாள் கோக்கர்ஸ் வாக் போனோம். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பில் போட்ட நடைபாதை. தெளிந்த நாளில் கீழே பெரியகுளம்வரை தெரியும். எங்களுக்குக் கைப்பிடிக் கம்பி தெரிந்தது. தூண் பாறைக்குப் போகவில்லை. அங்கேயும் இதே வெள்ளைதான் இருக்கும், வண்டிக் காசு தண்டம். மழைக்காலத்தில் வருபவர்கள் வியூ பாயிண்ட் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. ஏரி மட்டும்தான் ஏமாற்றாது. மேகம் எவ்வளவு இறங்கினாலும் காலடித் தண்ணீராவது தெரியும்.

மேலே சூரிய வானாய்வகம் இருக்கும் மலையும் மேகத்துக்குள் இருந்தது. சூரியனைப் பார்ப்பதற்கென்றே 1899இல் இங்கே அதைத் தொடங்கினார்கள். 1909இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். அந்த வானாய்வகம் வந்த கதையை மாமாவிடம் சொன்னேன். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை ஏன் பொய்க்கிறது என்ற விசாரணையில், சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்குமோ என்ற எண்ணத்தில்தான் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. மாமாவுக்கு இது பிடித்திருந்தது. “இதுக்கு ஆயக்கட்டு உண்டு” என்றார். மழை எப்போது வரும் என்று கண்டுபிடித்தார்களா என்று கேட்டார். அது கிடைக்கவில்லை, ஆனால் சூரியனைப் பற்றி நிறையக் கிடைத்தது என்றேன். லஸ்கராக இருந்தவருக்கு இந்தப் பதில் திருப்தியளிக்கவில்லை.

கிளம்பும் முன் அவர் கேட்ட ஒரே இடம், உபரித் தண்ணீர் வெளியேறும் இடம். சுற்றுலா வரைபடத்தில் அதைக் குறித்திருக்கமாட்டார்கள். கேட்டுக் கேட்டுப் போனோம். நகராட்சி ஊழியர் போல இருந்த ஒருவர் வழி காட்டிவிட்டு, அங்கே என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று ஆச்சரியப்பட்டார். நிறைந்த ஏரி மதகு வழியாகச் சத்தத்தோடு வழிந்துகொண்டிருந்தது. மாமா குனிந்து, கட்டுமானத்தைப் பார்த்து, கசிவு இருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் வேகத்தைக் கண்ணால் அளந்து, கால் மணி நேரம் அங்கேயே நின்றார். படகில்கூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. “கரை நல்லாத்தான் இருக்கு மாப்ள” என்றார். லெவிஞ்சுக்கு அவர் கொடுத்த ஒரே பாராட்டு.

இறங்கும் பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர சீட் பிடித்தேன். சுமார் 8 கிலோமீட்டர் வந்ததும் வெள்ளி நீர்வீழ்ச்சி. 180 அடி உயரப் பாறையிலிருந்து விழுகிற அந்தத் தண்ணீர், ஏரியிலிருந்து வழிந்து வருவதுதான். மே மாதத்தில் நூலாகத் தொங்கும் அருவி, அன்று சாலைவரை சாரலடித்துக்கொண்டு இடி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. வழக்கமாக வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு கார். குரங்குகள் கையில் ஒன்றும் கிடைக்காமல் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தன.

“நேத்து நாம பார்த்த தண்ணிதான் மாமா” என்றேன். அவர் கழுத்தைத் திருப்பி, அருவி மறையும்வரை பார்த்துவிட்டு, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நடத்துனரைக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்தத் தண்ணி கீழ எங்க போகுது?”

நடத்துனர் வெளியே எட்டிப் பார்த்தார். அந்தக் கேள்வியை அந்தப் பஸ்ஸில் யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள். “கீழதான்யா போகுது. மேலயா போகும்?” என்றார்.

மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வத்தலக்குண்டில் டீக்கு இறங்கியபோதும், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.